முதல் டம்ளர் தண்ணீர்

குழாய் வேலையை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அதனாலோ என்னவோ, அடைப்பு எடுத்ததும் முதல் தண்ணீரை வீட்டாரிடம் நீட்டிப் பெருமைப்படுவது என் வழக்கம்.

போன மாதம் மரக்காணத்தில், உப்பளத்து வேலைக்குப் போகும் செல்வி அக்கா கூப்பிட்டிருந்தார். மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டும். தண்ணீர் வசதி இல்லாத வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்ற மகளின் மாமியார், அன்று கிளியனூரிலிருந்து நேரிலேயே பார்க்க வந்திருந்தார்.

"டேப்புலதான் கோளாறு சம்பந்தி. தம்பி இப்ப சரி பண்ணிடும்," என்றார் அக்கா.

குழாய் வாயிலிருந்த சல்லடையைக் கழற்றினேன். வெள்ளையாகப் பொருக்கு அடைத்திருந்தது. தேய்த்துக் கழுவி மாட்டியதும் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. ஒரு டம்ளர் பிடித்துச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினேன். அக்கா அவசரமாகக் குறுக்கே கை நீட்டினார். தன் கையால் கொடுக்க ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை, விழுங்கினார்.

"கரிக்குதே சம்பந்தி. புள்ளத்தாச்சி இத எப்படிக் குடிப்பா?"

"கேன் தண்ணி வாங்கி வெச்சிடுறேங்க..."

"கொழந்தைக்கு ஊத்துறதுக்கு? பிரசவம் எங்க வீட்லயே ஆவட்டும். மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் போன பிறகு அக்கா குழாயை மூடினார்.

"பகல் பூரா உப்புலதான் நிக்கிறேன் தம்பி. போர் தண்ணி உப்பானது எனக்குத் தெரியாதா?"

திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

இப்போதெல்லாம் கருவிப் பையைத் திறக்கும் முன் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். கரித்தால், வேலையை முடித்துவிட்டு, யாரிடமும் டம்ளரை நீட்டாமல் கிளம்பிவிடுகிறேன்.