லேபிள் அக்கா சொன்ன லிஃப்ட் கதை

உள்ளறையிலிருந்து வந்த குரல் ஒரே சொல்லில் தடுக்கித் தடுக்கி நின்றது.

"சு... சுவ... சுவரு. கதவைத் தெறந்தா, எதிர்ல சுவரு."

முன்னறையில் துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த லேபிள் அக்கா கையை நிறுத்தி மூச்சுவிட்டாள். மூன்றாவது முயற்சியில் வந்துவிட்டது. போன மாதம் இதே சொல்லோடு அவள் கணவர் பத்து நிமிடம் மல்லுக்கட்டினார்.

அவள் வேலை பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். வருகிற ஒவ்வொரு ரத்தக் குழாயிலும் நோயாளியின் பெயரும் எண்ணும் அச்சடித்த லேபிளை ஒட்டுவதுதான் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். ஒரு லேபிள் மாறினால் ஒருவருடைய வியாதி இன்னொருவர் தலையில் ஏறிவிடும். பதினாறு வருடத்தில் அவள் கையில் ஒன்றுகூட மாறியதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு பொய்யைச் சொல்லி, அதில் பதினோரு பேரைக் கட்டிப்போட்டு வைத்திருந்தாள் என்றால் யார்தான் நம்புவார்கள்?

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டது. வலது கை பாதி திரும்பி வந்தது. நாக்குதான் அடம்பிடித்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"தினமும் அரை மணி நேரம் சத்தமா பேசணும் சார். எதை வேணாலும் பேசுங்க. பேசாம விட்டீங்கன்னா இருக்கிறதும் போயிடும்."

அவரோ பேசுவதற்கே கூசினார். நண்பர்கள் பார்க்க வந்தால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார். சொந்த அண்ணன் போன் செய்தால்கூட மனைவியிடம் கையைக் காட்டிவிடுவார். டிவியில் செய்தி வாசிப்பவர் மடமடவென்று வாசிப்பதைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. டிவியும் வாயை மூடிக்கொண்டது. அவள் அழுது, சாப்பிடாமல் கிடந்த பிறகு, கடைசியில் அவர் ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். உள்ளறையில் அவர் தனியாக உட்கார்ந்து பேசுவார். அவள் முன்னறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது, திருத்தக் கூடாது, வெளியில் ஒருவரிடமும் மூச்சுவிடக் கூடாது.

பேசுவதற்கு ஒரு விஷயம் வேண்டுமே. அவருக்குத் தெரிந்தது லிஃப்ட். ஆகவே ஒரு லிஃப்டை மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நிறுத்தினார். உள்ளே ஏழு பேரை அடைத்தார். ஒரு நிறைமாதக் கர்ப்பிணி, விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிற கணவன் மனைவி, தப்பிப் போய்க்கொண்டிருக்கிற ஒரு திருடன் என்று ஆட்கள். மூலையில் ஒரு பெரியவர். வாய் பேச வராது, வலது கை விளங்காது. ஒரு காலத்தில் லிஃப்ட் பழுது பார்த்தவர். வெளியே இருப்பவன் எதைச் செய்தால் லிஃப்ட் நகரும் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொல்லத்தான் வாயில்லை.

நாற்பது நாள் சொல்லியும் கதைக்குள் ஓடியது இரண்டு மணி நேரம்தான். தினமும் காலையில் அந்த அரை மணி நேரத்துக்காகவே லேபிள் அக்கா எழுந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

பரிசோதனைக் கூடத்தின் டீ ரூமில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் உண்டு. அச்சு பிசகி வீணாகும் லேபிள்களின் பின்பக்கத்தில் அவரவர் இப்போது பார்ப்பது, படிப்பது, கேட்பதை எழுதி அதன் கதவில் ஒட்டுவது அங்கே பழக்கம். பிடித்தவர்கள் அதில் ஒரு டிக் போடுவார்கள். மூன்று டிக் விழுந்தால் லேபிள் மேல் கதவுக்குப் பதவி உயர்வு பெறும். ஒரு மாதம் ஒரு டிக்கும் விழாவிட்டால் பிளேடால் சுரண்டிவிடுவார்கள். குழாய்களைக் கொண்டுவரும் டிரைவர் தம்பி, வண்டியில் கேட்கும் நாற்பது பழைய பாட்டுகளை ஒட்டியிருந்தான். வரவேற்பறைப் பெண் ஒட்டியிருந்தது ஒரு வெளிநாட்டுத் தொடர். பதினாறு பகுதியில் பன்னிரண்டாவதில்தான் நாயகன் நாயகியின் கையைப் பிடிப்பான். ஸ்டோர்கீப்பர் ஒட்டியது வாழ்க்கையில் முன்னேறுவது பற்றிய புத்தகம். இருபதாம் பக்கத்தைத் தாண்டி அவரே முன்னேறியதில்லை. அணுக்கள் எண்ணும் மைக்ராஸ்கோப் அக்காவுக்குக் கொலைகளைப் பற்றி இரண்டு பெண்கள் சிரித்துச் சிரித்துப் பேசும் பாட்காஸ்ட்.

லேபிள் எல்லாம் லேபிள் அக்கா கையில்தான். ஆனால் இவள் பெயரில் ஒரு லேபிள்கூட இல்லை. மைக்ராஸ்கோப் அக்கா ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"ஏன் லேபிளு, வீட்டுக்குப் போனா சுவத்தையா பார்த்துட்டு உட்கார்ந்திருப்ப?"

"ஒரு கதை கேக்குறேன்க்கா."

"பாட்காஸ்டா?"

அவள் தலையாட்டினாள். ஒரே ஒரு தலையாட்டல்தான். அந்தப் பாட்காஸ்ட் எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் போனைத் தடவினார்கள். கிடைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் அனுப்புகிறார், வெளியில் தரக் கூடாது என்று அடுத்த பொய். "அப்ப நீயே சொல்லு" என்றார்கள். அன்றிலிருந்து தினமும் டீ நேரத்தில் லிஃப்ட் கதை. அவளும் அதை எழுதி ஒரு லேபிள் ஒட்டினாள். அதில் பதினோரு டிக். அந்த ஃப்ரிட்ஜின் சரித்திரத்திலேயே அது சாதனை.

எல்லாம் புதன்கிழமை வரைக்கும்தான். புதன்கிழமை காலையில் உள்ளறைக் குரல் சொன்னது: "மூலைல பெரியவர் கண்ணை மூடினார். மூச்சு நின்னுபோச்சு. யாரும் க... கவனிக்கல."

முன்னறையில் லேபிள் அக்கா மடித்த துண்டையே திரும்ப மடித்தாள். அந்தப் பெரியவர் யாரென்று அவளுக்குத் தெரியாதா? திரும்பிப் பார்க்கக் கூடாது, ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. மனதைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று டீ ரூம் பக்கம் தலைகாட்டவில்லை. வியாழக்கிழமை டீ ரூமில் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். தண்ணீர் கேட்டார் என்று சொன்னாள். வெள்ளிக்கிழமை சிரித்தார் என்றாள். அந்த இரண்டு நாளும் உள்ளறைக் குரல் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிட்டது. சனிக்கிழமை ஐந்து நிமிடம். கதையை விட்டு அவரும் இறங்கிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் எப்படித் தடுப்பது என்றுதான் தெரியவில்லை.

இன்று ஞாயிறு. "எதிர்ல சுவரு" என்றதோடு குரல் நின்றிருந்த நேரத்தில் வாசல் மணி அடித்தது.

மைக்ராஸ்கோப் அக்கா ஒரு கையில் ஆரஞ்சுப் பையும் ஒரு கையில் போன் ஒயருமாக நின்றாள்.

"லேபிளு, நீ என்ன பண்ணுவியோ ஏது பண்ணுவியோ தெரியாது. நாளையிலேர்ந்து எனக்குப் பத்து நாள் லீவு. பொண்ணுக்குப் பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவுல கொலைக் கேஸையா கேட்டுட்டு உட்கார முடியும்? அந்த லிஃப்ட் கதையை என் போன்ல ஏத்திக் குடு."

"அக்கா, மெதுவா. அவர் தூங்குறார்."

"தூங்கட்டும், தூங்கட்டும்." அக்கா தன் கணக்கில் குரலைத் தாழ்த்தினாள். அது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "பெரியவர் என்ன ஆனாரு, அதை மட்டும் சொல்லு. வெள்ளிக்கிழமை சிரிச்சார்னு நிறுத்திட்டுப் போயிட்ட."

உள்ளறையிலிருந்து கேள்வி வந்தது.

"யாரு சிரிச்சது?"

லேபிள் அக்கா வேண்டாம் என்று அக்காவுக்குக் கையாட்டினாள்.

"அவர் செ... செத்து நாலு நாள் ஆச்சு" என்றது குரல்.

ஒயரைப் பிடித்த கை அப்படியே நிற்க, மைக்ராஸ்கோப் அக்கா உள்ளறைக் கதவைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள்.

"பாட்காஸ்ட் இல்லையா?"

"இவர்தான்க்கா." அவள் உள்ளறைக் கதவுப் பக்கம் திரும்பினாள். "நான்தாங்க சொன்னேன். வேலை எடத்துல. மன்னிச்சிடுங்க."

"எத்தனை பேரு?" என்றது உள்ளறைக் குரல்.

"பதினொண்ணு."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அதன் பிறகு சத்தமே இல்லை. அந்த மௌனத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதம் அதோடுதான் குடித்தனம் நடத்தினாள். ஒரே ஒரு வாக்குக் கொடுத்தோம், அதையும் காப்பாற்றவில்லை, இருந்த ஐந்து நிமிடப் பேச்சும் இன்றோடு சரி என்று நினைத்தாள்.

வேறு யாராவது என்றால் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு நழுவியிருப்பார்கள். மைக்ராஸ்கோப் அக்காவுக்கு மனதில் பட்டதை விழுங்கத் தெரியாது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஸ்டோர்கீப்பர் சொன்னதுதான் சரி போல. இந்தக் கதை சொல்றவனுக்கு லிஃப்டைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதுன்னார். ரெண்டு ஆளு சேர்ந்து உள்ளேர்ந்து கதவை இழுத்தா தெறந்துக்குமாம். குதிச்சுப் போயிடலாமாம். ரெண்டு மணி நேரமா ஏழு பேரும் ஏன் முழிச்சிட்டு நிக்கிறாங்கன்னு கேக்குறார்."

ஊன்றுகோல் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று. சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருக்க, கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"யா... யாரு சொன்னது?"

"ஸ்டோர்கீப்பர்."

"அவரு லிஃப்ட்ல போயி... போயிருக்காரா?"

"மாடிப்படிதான் ஏறுவார் அண்ணே. தொப்பை கரையும்னு புத்தகத்துல போட்டிருக்காம்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். மாடிக்கு நேராக லிஃப்ட் நிற்காவிட்டால் வெளிக்கதவின் பூட்டு விடாது. உள்கதவை இழுத்துத் திறந்தாலும் எதிரில் சுவர்தான். இடைவெளி கொஞ்சம் தெரிகிறதே என்று குதிக்கப் பார்த்தவன் கீழே பள்ளத்தில்தான் கிடப்பான். இவ்வளவையும் சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆனது. நடுவில் ஒரு வாக்கியம் முழுக்கக் குழறிப் போனது. லேபிள் அக்கா வழக்கம்போலப் புரிந்த மாதிரி தலையாட்டினாள்.

"எனக்குப் புரியல அண்ணே" என்றாள் மைக்ராஸ்கோப் அக்கா. "இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் அவளையே பார்த்தார். இந்த ஒன்பது மாதத்தில் இந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. வந்தவர்கள் எல்லோரும், கட்டிய மனைவி உட்பட, புரிந்ததுபோலத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் அவரை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது என்று பாவம், மனைவிக்கு எப்படித் தெரியும்?

அவர் மறுபடியும் சொன்னார். இந்த முறை மெதுவாக.

"ஆங், பூட்டு மாடியில இருக்கு, லிஃப்ட்ல இல்ல. இப்ப புரியுது. ஸ்டோர்கீப்பரை நான் பார்த்துக்கிறேன்" என்ற அக்கா உட்கார்ந்தாள். "அது சரி, பெரியவரை ஏன் சாகடிச்சீங்க?"

"அவரால என்ன பிர... பிரயோஜனம்? வழி தெரியும். சொல்ல வராது. பாரம்தானே."

லேபிள் அக்கா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாலு நாளாகத் தேக்கி வைத்த அழுகை.

"அதை என்னால அங்க போயி சொல்ல முடியலைங்க. டீ ரூம்ல கால வெச்சதும் எல்லாரும் முதல்ல அவரைத்தான் கேட்டாங்க. தண்ணி கேட்டார்னு சொல்லிட்டேன்."

"எல்லாருமா?"

"எனக்கு அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணுதான் முக்கியம், பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் மைக்ராஸ்கோப் அக்கா. "ஆனா மத்தவங்க எல்லாம் பெரியவர் கட்சி. டிரைவர் தம்பி வண்டியை ஓரமா போட்டுட்டு வந்து அவருக்கு வாய் வந்துச்சான்னு கேட்டுட்டுப் போறான். நீங்க என்னமோ பாரம்ங்கிறீங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"வாய் பேசாதவர் எப்படித் தண்ணி கேட்டார்?"

"கையைக் காட்டினார்னு சொன்னேன்."

"எந்தக் கை?"

"இடது கை."

"ம்." அந்த ஒரு எழுத்தில் அவள் பிழைத்தாள். அவர் கன்னத்தைத் தடவி யோசித்தார். "அப்ப... அன்னிக்கு மூச்சு நிக்கல. மயக்கம்."

"சீரியல்ல தினம் நடக்குறதுதான் அண்ணே, நாங்க யாரும் கோவிச்சுக்க மாட்டோம்" என்றாள் அக்கா, ஆரஞ்சு ஒன்றை உரித்துக்கொண்டே. "ஆனா என் பாடு? பத்து நாளைக்கு நான் என்ன பண்ணுவேன்?"

லேபிள் அக்கா வாயெடுக்கும் முன் அவர் பேசினார்.

"காலைல பத்து மணிக்கு... போன் பண்ணுங்க. நான் சொல்றேன்."

நெருங்கிய நண்பர்கள், கூடப்பிறந்த அண்ணன் யாருக்கும் கிடைக்காத வாக்கு அது. மனைவி நம்ப முடியாமல் நின்றாள்.

"ஒரு கண்டிஷன்" என்றார் அவர். "புரியலைன்னா கேக்கணும்."

"அதுக்கு என்னைவிட்டா ஆள் ஏது?" மைக்ராஸ்கோப் அக்கா ஒயரைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். லேபிள் அக்காவின் தோளைத் தட்டினாள். "கண்ணைத் துடை. அண்ணன் பித்தானைச் சரியா போட்டு விடு."

வழியனுப்பக் கிளம்பிய மனைவியைக் கையமர்த்திவிட்டு அவரே வாசல் வரைக்கும் போனார். படியிறங்கிய விருந்தாளியிடம் "பா... பாத்துப் போங்க" என்றார். அவள் திரும்பிக் கையாட்டிவிட்டுத் தெருவில் நடந்தாள். அவள் திருப்பத்தைத் தாண்டும்வரை நின்றிருந்துவிட்டு, கதவைச் சாத்தினார்.