வயிற்றுக்குள் இரண்டு கொம்பு

எனக்குக் கொம்பு முளைத்திருக்கிறது என்று அவனியாபுரத்தில் ஒரு காலத்தில் எல்லோருக்கும் தெரியும். எதிரே வரும் பெண்கள் முதலில் என் தலையைப் பார்ப்பார்கள், பிறகு வயிற்றைப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நல்லாப் பாத்துக்க, காசு கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவேன்.

நடந்தது இதுதான்.

என் அய்யா பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலை பார்த்தார். அதனால் எனக்குக் கொஞ்சம் எழுத்து வந்தது. அந்த எழுத்தோடு என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் எழுத்துக்கு வேலை இல்லை. மாடுதான் எல்லாம். ஏர் மாடு, வண்டி மாடு, கறவைப் பசு, பொங்கலுக்கு அவிழ்த்துவிடுகிற காளை என்று தொழுவம் நிறைய மாடு. என் மாமனார் மாடுகளோடு பேசுவதில் பாதிகூட மனிதர்களோடு பேசமாட்டார். என்னோடு பேசியதே இல்லை. மருமகளிடம் மாமனார் பேசுவது மரியாதை இல்லையாம்.

மூன்று முறை உண்டானேன். மூன்றும் தங்கவில்லை. அழுவதற்காக இதை எழுதவில்லை. அழுகையெல்லாம் அப்போதே அழுது முடித்தாயிற்று. எனக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. ஒத்தக்கடைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் என் மாமியாருடைய தம்பி இருந்தார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். இரண்டாவது தடவை தங்காமல் போனதிலிருந்தே மாமியார் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அதுவும் எப்படி? எனக்குச் சோறு போட்டுக்கொண்டே பேசுவாள்.

"என் தம்பி மக என்ன லெச்சணமா இருக்கு தெரியுமா? இவளுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

ஒத்தாசையாம்! என் புருஷனிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை மென்றபடி, "பாப்பம்" என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான். மழை வருமா என்றாலும் பாப்பம், வீட்டுக்கு ஓலை மாற்ற வேண்டும் என்றாலும் பாப்பம்.

மூன்றாவது தடவை நஞ்சுக்கொடி வெளியே வராமல் உள்ளேயே நின்றுவிட்டது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வண்டி கட்டி டவுனுக்குள் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. மூக்கில் மருந்துத் துணியை வைத்தது வரைதான் எனக்கு நினைவு. மறுநாள் அந்த அம்மாளே கட்டில் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். புத்தகம் பார்த்துத் தமிழ் படித்தவர். பேசினால் யாரோ சுவடி வாசிப்பதுபோல் இருக்கும்.

"மகளே, உன்னுடைய கர்ப்பப்பை மற்றப் பெண்களுடையதைப் போன்றதன்று. கையை உள்ளே விட்டபோது எனக்குத் தெரிந்தது. அது மேலே இரண்டு கொம்புகளாகப் பிரிந்திருக்கிறது." இரண்டு விரலை விரித்துக் காட்டினார். "இது பிறவியில் வந்தது. உன் குற்றமன்று. பசுவுக்கும் இவ்விதமாகவே இருக்கிறது. பசு கன்று ஈனவில்லையா?"

"எனக்குத் தங்குமாம்மா?"

"தங்கக்கூடும். ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிக நாள் தங்கியிருக்கிறது. ஒரு கொம்புக்குள்ளே இடம் நெருக்கம். ஆகவே நீ பாரம் தூக்கலாகாது. பிள்ளை தலைகீழாகத் திரும்ப இடமில்லாமல் கால் முன்னே வரலாம். வீட்டிலே பெறாதே. இங்கே வா."

இதில் ஒளிவு மறைவு என்ன இருக்கிறது? தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் கதவருகே என் மாமியார் நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்தது கொம்பு ஒன்றுதான்.

காளை வளர்க்கிற வீட்டுப் பெண்ணுக்குக் கொம்பு என்றால் குத்துவது. அவளுக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. இவள் வயிற்றுக்குள் கொம்பு இருக்கிறது, உண்டாகிற பிள்ளையையெல்லாம் அது குத்திப்போடுகிறது. நேரே டாக்டரம்மாவிடம் போனாள்.

"தாயீ, அந்தக் கொம்பைச் சீவி விட முடியாதா?" என்று கேட்டுக்கொண்டே, கொம்பைக் காட்டுவதாக நினைத்துத் தன் தலையில் இரண்டு பக்கமும் கையை வைத்தாள்.

டாக்டரம்மா தலையைப் பார்த்தார், சீவுவது என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார், சந்தோஷமாகிவிட்டார். "தாராளமாகச் சீவலாம்! தினந்தோறும் சீவவேண்டும். எண்ணெய் வைத்துச் சீவினால் பேன் வராது."

வயிறு வலித்த வலியில் சிரிக்க முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாமியார் பேயறைந்த மாதிரி நின்றாள். வண்டியில் வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. வீட்டில் இறங்கியதும் திறந்தாள். அப்புறம் மூடவே இல்லை. கொம்பு தினமும் வளருகிறதாம், தினமும் சீவ வேண்டுமாம், வெள்ளைக்காரியே சொல்லிவிட்டாளாம். விளக்கு வைப்பதற்குள் தெருக்கோடிவரை போய்விட்டது.

அந்த வாரமே கிணற்றடியில் ஒருத்தி வாளிக்காக என்னோடு சண்டைக்கு வந்தாள். பேச்சு முற்றி, "முதல்ல நீ எறைக்கணுமோ? உனக்கென்ன கொம்பா மொளைச்சிருக்கு?" என்று எல்லோரும் கேட்பதுபோல் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

"ஆமாடி, ரெண்டு" என்றேன். "குத்தட்டுமா?"

வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கிணற்றடியில் எனக்குக் காத்திருக்கிற வேலையே இல்லை.

ஆனால் வீட்டில் சிரிப்பு இல்லை. மாமியார் ஒரு நாள் என் புருஷன், மாமனார் எல்லோரும் இருக்கும்போது சொன்னாள்: "இன்னொரு தடவை பாப்பேன். அதுவும் நிக்கலைன்னா என் தம்பி மகளைக் கூட்டியாந்துருவேன். கொம்பு வச்சவளை நம்பி வம்சத்தை விட முடியாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "பசுவுக்கும் இதே மாதிரிதான் இருக்காம். டாக்டரம்மா சொன்னாங்க. நம்ம தொழுவத்துல பசு கன்னு போடலையா?" என்று கத்தினேன்.

"கேட்டுக்கங்க! மாட்டு வயிறாம்! மாட்டைக் கொண்டாந்து கட்டி வச்சிருக்கோம்" என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மாமனார் திரும்பினார். என்னைப் பார்த்து இல்லை, தூணைப் பார்த்துக் கேட்டார். "மாடு மாதிரின்னா சொல்லுச்சு அந்தம்மா?"

"ஆமா மாமா."

"கன்னு ஒரு பக்கத்துக் கொம்புக்குள்ள கெடக்குமே, அப்படியா?"

"அப்படித்தான் சொன்னாங்க மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டார். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு நான் விளங்கிவிட்டேன். மனுஷிப் பிள்ளைப்பேறு பெண்கள் சமாச்சாரம், அவர் அதில் தலையிட முடியாது. மாட்டு விஷயத்தில் அந்த வீட்டில் அவரை மிஞ்சி யாரும் பேச முடியாது.

மறு வருஷம் நான்காவது முறையாக உண்டானேன். செய்தி தெரிந்த அன்றே மாமனார் சட்டம் போட ஆரம்பித்தார். நான் தண்ணீர்க்குடம் தூக்கினால், "சினை மாட்டை எவனாச்சும் தண்ணி எறைக்கிற கவலையில பூட்டுவானா?" என்று தொழுவத்திலிருந்து சத்தம் வரும். களை எடுக்கக் கூப்பிட்டால், "சினை மாடு வரப்பு தாண்டக் கூடாது" என்பார். தினமும் பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டி போட்டுக் காய்ச்சி எனக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. மாட்டுக்குக் கொட்டையாகப் போடுவார்கள், எனக்குப் பாலாகக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வீட்டில் வயிற்றுப் பிள்ளையோடு நாற்று நடாத பெண் கிடையாது. வலி வருகிறவரை குனிந்த இடுப்பு நிமிராது. ஆனால் சினைப்பட்ட மாட்டை ஒருத்தரும் ஏரில் பூட்டமாட்டார்கள். நான் மனுஷியாக இருந்தவரை கிடைக்காத மரியாதை மாடானதும் கிடைத்தது. எனக்கு ஆத்திரம்தான். ஆனாலும் பருத்திப்பால் ருசியாக இருந்தது, விடாமல் குடித்தேன்.

ஆட்டுக்கல்லில் கொட்டையை ஆட்டுகிற வேலை மாமியார் தலையில் விழுந்தது. "எட்டுப் பெத்தேன். எனக்கு யாரு ஆட்டிக் குடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே ஆட்டுவாள்.

"உனக்குக் கொம்பு இல்லையே" என்பார் மாமனார்.

அவள் கேட்டது நியாயம்தான். அவளுக்கும் யாராவது ஆட்டிக் கொடுத்திருக்க வேண்டும். அதை அவள் அவரிடம் கேட்டிருக்கலாம். என்னை முறைத்தாள்.

வயிறு வளர்ந்தது, ஆனால் நடுவில் வளரவில்லை. வலது பக்கமாகப் பிதுங்கிக்கொண்டு நின்றது. பார்க்க வந்தவர்கள், "என்னத்தா, இடுப்புல குடம் வச்சவ மாதிரி நிக்கிற!" என்றார்கள். பிள்ளையின் தலை என் விலாவுக்குக் கீழே உருண்டையாகத் தட்டுப்படும். முன்பு தங்காமல் போன மாதங்கள் ஒவ்வொன்றாகத் தாண்டின. தாண்டத் தாண்ட மாமியார் வாய் குறைந்தது. நான் ஒன்றையும் நம்பவில்லை. காலையில் கண் விழித்ததும் விலாவில் கையை வைத்துப் பார்ப்பேன். உள்ளேயிருந்து முட்டினால்தான் எழுந்திருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பேச்சு வந்தபோது மாமியார் மறுபடி கிளம்பினாள். "மருத்துவச்சி இல்லையா? ஆஸ்பத்திரியில கிழிச்சுப் போட்டுருவாக."

"கால் முன்னால வந்தா மருத்துவச்சி என்ன செய்வா?" என்றார் மாமனார். "இழுத்துத் தாயையும் சேர்த்துக் கொன்னுருவா. வண்டியைப் பூட்டுங்கடா."

வண்டியில் வைக்கோலை அவரே பரப்பினார். அதன்மேல் ஜமுக்காளம் விரித்தார். வழி முழுக்க வண்டிக்கு முன்னால் நடந்து வந்தார், பள்ளம் வந்தால் கையை உயர்த்துவார், என் புருஷன் மாட்டை நிறுத்தி மெதுவாக இறக்குவார். தெருவில் போகிறவர்கள் உள்ளே யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் சில நாள் படுத்திருந்தேன். நாள் நிறைவதற்கு முன்னாலேயே, ஒரு மத்தியான வேளையில் வலி எடுத்தது. டாக்டரம்மா சொன்னபடியே கால்தான் முதலில் வந்தது. "முக்காதே, முக்காதே, நான் சொல்லும்போது முக்கு" என்று அவர் சொல்ல, "அதை நீங்க வந்து படுத்துக்கிட்டுச் சொல்லுங்க" என்று நான் கத்தியதாக அப்புறம் நர்ஸ் சொன்னாள். கால் வந்தது, இடுப்பு வந்தது, தோள் வந்தது. தலை நின்றுவிட்டது. டாக்டரம்மா கையை உள்ளே கொடுத்து, பிள்ளையின் வாயில் விரலை வைத்து, முகத்தைத் தாழ்த்தி வெளியே கொண்டுவந்தார். நீலமாக இருந்தது. தட்டினார்கள், ஊதினார்கள். அப்புறம் அழுதது. பூனைக்குட்டிச் சத்தம். பெண் பிள்ளை.

நாள் குறைந்த பிள்ளை என்று பஞ்சில் சுற்றி வைத்தார்கள். சப்பத் தெரியாததால் பாலைக் கறந்து பஞ்சில் நனைத்து வாயில் சொட்டவிட்டோம். சில நாளில் தானாகவே பிடித்துச் சப்ப ஆரம்பித்தது. பிழைத்துவிடும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எனக்கு முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்றே தோன்றியது.

ஒரு நாள் காலையில் வீட்டுக்குக் கூட்டிப்போக வண்டி வந்தது. மாமியார் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அவள் வாய் சும்மா இருக்குமா? "பொட்டப்பிள்ளையாப் போச்சு. சரி, கெடக்கட்டும். தம்பி மகளை ஒரு வருசம் கழிச்சுக் கூட்டியாருவோம்" என்றாள்.

அவ்வளவுதான். பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தப் பேச்சை முடிச்சுட்டு வாங்க. முடிக்கிறவரைக்கும் நான் வண்டியில ஏற மாட்டேன்."

"ஏறு புள்ள, வீட்டுல போயிப் பாப்பம்" என்றார் என் புருஷன்.

"பாத்தது போதும்! கால் முன்னால வந்த பிள்ளையை நான் பெத்துட்டேன். ஒங்களுக்கு ஒரு வார்த்தை வெளிய வரலையா?"

நர்ஸுகள் எட்டிப் பார்த்தார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். மாமனார் வண்டி மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவருக்கும் போகிற அவசரம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. என் புருஷன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தாயின் முகத்தைப் பார்க்காமல், ஒத்தக்கடைக்குப் போகிற மேலூர் ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

வெயில் தாழ்ந்து திரும்பி வந்தார். சட்டையெல்லாம் புழுதி.

"என்ன சொன்னீக?"

"ஒங்க மகளை வேற எடத்துல குடுங்க மாமான்னு சொன்னேன்."

"அவரு?"

"கருப்பட்டிக் காப்பி குடுத்தாரு."

"அந்தப் பிள்ளை?"

"கதவுக்குப் பின்னால நின்னுச்சு. நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அதுக்கு என்னைப் பிடிக்கவே இல்லையாம்."

மாமியார் அதற்கும் என்னைத்தான் முறைத்தாள். நான் எழுந்து பிள்ளையோடு வண்டியில் ஏறினேன்.