அப்பாவை வீட்டில் இருத்த ஒரு நேர்த்தி

அப்பாவை வீட்டுக்குள் இருத்தி வைக்கும்படி அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தவள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது.

அப்பாவுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் மின்விசிறிக்குக் கீழே அடைபட்டுக் கிடந்ததற்கு மிச்ச இரண்டு நாளிலும் பழி தீர்த்துக்கொள்வார். சனிக்கிழமை விடியச் சைக்கிளை எடுத்தால் உப்புவெளிக் கடற்கரை. ஞாயிறு பூசை முடிந்த கையோடு, கிண்ணியாவிலிருந்த தன் கூட்டாளியின் தோணியில் தூண்டில் போடப் போய்விடுவார். வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்கு, வேதக்காரரான எங்கள் அப்பா ஒரு வருடமும் தவறாமல் போனார். கேட்டால் ஆற்றில் குளிக்கப் போவதாகச் சொல்வார். பட்டினத்தில் பஸ் நிலையத்தடியில் திரியும் மான்களுக்கென்று மரக்கறித் தோல்களைப் பையில் கட்டிக்கொண்டு போவார். அம்மா கொஞ்சம் தடிப்பாகத் தோல் சீவினாலும், இன்றைக்கு மானுக்குத்தான் சமையல் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

வீட்டில் நிற்கிற நேரத்திலும் அவர் வீட்டுக்குள் இருக்கமாட்டார். அன்புவழிபுரத்தில் எங்கள் வளவில் ஒரு மாமரம் நின்றது. அதன் கீழே அவருடைய பிரம்புக் கதிரை. தேத்தண்ணியும் பேப்பரும் அங்கேதான் போகவேண்டும். மழை வந்தால் கதிரையை விறாந்தை ஓரத்துக்கு இழுப்பார், அதுவும் கால் நனைகிற அளவுக்கு மட்டும்.

குடும்பத்தை மறந்து திரிந்த மனுசன் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. தன்னோடு எங்களையும் வெளியே இழுத்துக்கொண்டு போகவே அவருக்கு ஆசை. அண்ணாவுக்கு ஆறு வயதிலேயே தூண்டில் கட்டிக் கொடுத்துவிட்டார். அம்மாவைக்கூடச் சில நாட்களில் சைக்கிளில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோவார். எனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. எனக்கு முட்டு வருத்தம். கடற்காற்றுப் பட்டால் அன்று பின்னேரமே மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் எனக்கு மருந்துப் புகை பிடித்த பிறகு, எனக்குக் கடல் வேண்டாம் என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். அப்பாவும் அண்ணாவும் போவதைக் கேற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நிற்பேன். திரும்பி வரும்போது அப்பா எனக்கு ஏதாவது கொண்டுவருவார். ஒரு சிப்பி, வழவழப்பான ஒரு கல், சிலவேளை ஏதோ பறவையின் இறகு. இறகும் முட்டுக்குக் கூடாது என்று அம்மா அதை எறிந்துவிடுவார். எனக்கு அந்தச் சாமான்களில் கொஞ்சமும் விருப்பமிருக்கவில்லை. அப்பாவைத் தவிர வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த வருடம் அம்மாவின் தோடு ஒன்று காணாமல் போயிற்று. காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிறவர் அந்தோனியார் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த விசயம். அம்மா செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினார். வியாழக்கிழமை தோடு அரிசிப் பானைக்குள் கிடந்தது. எனக்கு உடனே மூளை வேலை செய்தது. அடுத்த செவ்வாய் அம்மாவோடு போய்ச் சொரூபத்தின் முன்னால் முழந்தாளிட்டேன். சனியும் ஞாயிறும் எங்கள் அப்பாவைக் காணக் கிடைப்பதில்லை, அவரைக் கண்டுபிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து தாருங்கள், தந்தால் ஒரு மெழுகுதிரி ஏற்றுவேன், அதுவரைக்கும் ஐஸ்பழம் வாயில் வைக்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். ஐஸ்பழத்தைச் சேர்த்தது, எட்டு வயதில் என்னிடம் அதைவிடப் பெரிய சொத்து இல்லாதபடியால்தான்.

மூன்று மாதம் ஐஸ்பழக்காரரின் மணி கேட்டும் கேட்காதவள்போல இருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா நேரத்தோடு திரும்பி வந்தார். சைக்கிளில் ஏறி வரவில்லை, உருட்டிக்கொண்டு வந்தார். அண்ணா பின்னால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டபடி வந்தான். அப்பா மாமரத்தின் கீழே கொஞ்ச நேரம் இருந்தார். கண்ணை வெயில் குத்துகிறதென்று கையால் மறைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இந்தக் கதிரையை உள்ளுக்குக் கொண்டுபோய்ப் போடு."

அந்தக் கதிரை என்னைவிடப் பெரியது. கால் நிலத்தில் உராய உராய ஒருத்தியாகவே அதை இழுத்துக்கொண்டு போனேன். குசினி வாசலில் நின்ற அம்மா, கதிரை உள்ளே வருவதைக் கண்டு கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றார். எனக்கோ சந்தோசம் தாங்கமுடியவில்லை.

அப்பாவும் அம்மாவும் கொழும்பு ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் போய்வந்தார்கள். அப்பாவுக்குச் செங்கமாரி, கண் மஞ்சளாகிற வருத்தம் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. ஈரலில் புற்றுநோய் என்பது பெரியவர்களோடு நின்றுவிட்டது. அதன் பிறகு அப்பா வீட்டில்தான். சனி, ஞாயிறு மட்டுமல்ல, எல்லா நாளும். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தால் யன்னலோரக் கதிரையில் எனக்காகவே வைத்ததுபோல இருப்பார். என் தலையை இழுத்து இரட்டைப் பின்னல் பின்னப் பழகினார். கோணல்மாணலாக வரும், நான் அவிழ்க்கவிடமாட்டேன். கரம்போட் விளையாடுவோம். சுண்டுகிற விரலில் பலம் இல்லாமல் அவர் தோற்பார், நானோ என் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொள்வேன். கிண்ணியாக் கூட்டாளி கிழமைக்கொரு தரம் மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்தபடி இருந்துவிட்டுப் போவார். வீட்டில் எல்லாரும் ஏன் இப்படி மூஞ்சியை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமான காலம் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. சொல்லக் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

நேர்த்தியைக் கடன் வைக்கக்கூடாது. கரண்ட் போனால் கொளுத்தவென்று அலுமாரியில் இருந்த மெழுகுதிரிகளில் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவர்கள் கடைசியாகக் கொழும்பிலிருந்து வந்த அடுத்த செவ்வாய் அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். அம்மா சொரூபத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் ஏற்றிய திரிக்குப் பக்கத்தில் என் திரியையும் ஏற்றி வைத்தேன். அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அப்பாவுக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். அது பொய்யில்லை. அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதார். அப்பா எழும்பி வெளியே போகவேண்டுமென்று ஒரு திரியும், அவர் வெளியே போகாமல் இருந்ததற்கு நன்றியாக ஒரு திரியும் அந்தோனியாரின் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தன.

அன்று பின்னேரம் ஐஸ்பழக்காரரின் மணி கேட்டதும், வாங்கித் தரச்சொல்லி அப்பாவிடம் ஓடினேன். இவ்வளவு நாளும் வேண்டாம் என்றவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று கேட்டார். பெருமை தாங்காமல் முழுவதையும் சொல்லிவிட்டேன். தோட்டிலிருந்து மெழுகுதிரி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பி யன்னலால் வெளியே மாமரத்தைப் பார்த்தார். மணிச்சத்தம் ஒழுங்கையின் அந்தத் தலைப்புக்குப் போய்விட்டது.

"அம்மாட்டைச் சொன்னனியோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சொல்லாதை. அது வீண் நேர்த்தி, பிள்ளை. அவர் கண்டுபிடிச்சுக் குடுக்கிறது துலைஞ்ச சாமானை. நான் துலைஞ்சு போகேல்லை. என்னை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு வரேல்லை. நானாத்தான் வீட்டை வந்தனான். விளங்குதோ? நானாத்தான் வந்தனான்."

விளங்கவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மூன்று மாதம் ஐஸ்பழத்தைத் தியாகம் செய்து நான் வாங்கிய வரத்தை, தன் சொந்தக் கெட்டித்தனம் என்று சொல்கிறாரே! அன்று முழுக்க அவரோடு நான் கதைக்கவில்லை. இரவுச் சோற்றையும் குசினியிலேயே இருந்து சாப்பிட்டேன். அவருக்கு மிச்சமிருந்தது இன்னும் ஐந்து கிழமை. அதில் ஒரு பின்னேரத்தை நான் அப்படிக் கழித்தேன்.

மாரி மழை தொடங்கிய கிழமையில் அப்பா போய்ச் சேர்ந்தார். பெட்டியை வீட்டுக்குள் வைக்கத்தான் ஏற்பாடு. அண்ணா விடவில்லை. மாமரத்தின் கீழ் தறப்பாள் கட்டி அங்கேதான் வைத்தோம்.

பதினாலு வயதில் ஒருநாள், கோயிலில் யாரோ நேர்த்தி வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நான் என்ன கேட்டேன், என்ன கிடைத்தது என்பது முதல்முறையாக என் மண்டையில் இறங்கியது. முட்டு வந்ததுபோல மூச்சு நின்றது. நான்தான் அவரை வீட்டுக்குள் இழுத்துப் போட்டேன் என்று பட்டது. அப்போதுதான் 'நானாத்தான் வந்தனான்' என்ற அப்பாவின் குரல் ஞாபகம் வந்தது. ஒருநாள் எனக்கு இது விளங்கும், விளங்குகிறபோது தான் பக்கத்தில் இருக்கமாட்டார் என்று தெரிந்துதான் அவர் அதை இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்.

அன்று எட்டு வயதில் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு விளங்கியதெல்லாம், அப்பாவுக்கு அந்தோனியாரில் மரியாதை இல்லை என்பது மட்டும்தான். அன்றிரவு செபம் சொல்லும்போது, அப்பா தெரியாமல் சொல்லிவிட்டார், கோபித்துக்கொள்ளாமல் அவரை இப்படியே வீட்டில் வைத்திருங்கள் என்று அவருக்காக மன்னிப்பும் கேட்டேன்.