முதல் பாத்தியில் விழுந்த தண்ணீர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் பாதி வீடுகளுக்குத் தண்ணீர் நான் போட்ட பைப்பில்தான் ஏறுகிறது. எங்கள் நகர்ப் பூங்காவின் ஓரத்தில் எல்லோரும் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டபோதும் தண்ணீருக்கு வழி சொன்னது நானே. பக்கத்து ஃப்ளாட்டில் குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷின்கள் வெளியே தள்ளுகிற தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தோட்டத்துக்குத் திருப்பினேன். அங்கே குடியிருக்கும் இன்ஜினியர்கள் ஒருவருக்கும் தோன்றாத யோசனை. சும்மா சொல்லவில்லை.

பைப்பின் வாய்க்கு நேரே இருந்த முதல் பாத்தி, ரிட்டயர்டு கணக்கு டீச்சர் ஒருவருடையது. கணவர் போன பிறகு அவர் வாசலைத் தாண்டியதே இந்தத் தோட்டத்துக்காகத்தான். வெண்டை, கத்தரி, கீரை, எதை வைத்தாலும் இலை ஓரம் கருகிச் செத்தது. மற்றவர்கள் பாத்தி பச்சையாகவே இருந்தது. அவருக்குக் கைராசி இல்லை என்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு மாலை, பக்கத்துப் பாத்திக்கார அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "என் நாத்தைத் தொடாதீங்க டீச்சர், நானே வெச்சுக்கறேன்."

மறுநாள் ஞாயிறு, எல்லோரும் தோட்டத்தில் இருந்தார்கள். டீச்சர் மண்வெட்டியை என்னிடம் நீட்டினார்.

"வேற யாருக்காவது குடுத்துடுங்க பாய். எனக்கு ராசியில்ல."

"இன்னா டீச்சர், கணக்கு சொல்லிக் குடுத்துட்டு ராசி கீசின்னுகினு!"

பேச்சு வாக்கில் குனிந்தேன். மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கிள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு. மெஷின் பிரித்துத் தள்ளிய உப்பெல்லாம் முதலில் வந்து விழுந்த இடம் அது.

நாற்பது வருடத் தொழிலில் நான் போட்ட லைன் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. டீச்சர் அதற்குள் பூங்கா கேட் வரை போய்விட்டார். கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டேன்.

"அவங்க கையில ஒரு கோளாறும் இல்ல. என் பைப்புலதான் கீது. நம்பலன்னா மண்ணை நக்கிப் பாருங்க."

"பாய் வாயிலேர்ந்தா இது!" என்றார் எங்கள் நகர்ச் சங்கத்துச் செக்ரட்டரி சார். பக்கத்துப் பாத்திக்கார அம்மா தன் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் திரும்பி வந்து, ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தார். இன்னொரு சிட்டிகையும் வைத்தார். பிறகு என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

"எவ்வளவு ஆழம் தோண்டி எடுக்கணும் பாய்?"