தெங்காவாங் பூத்ததைச் சொல்லாத சுனா

லெபோயான் ஆற்றங்கரையில், பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நீள்வீட்டில் சுனா என்றொருத்தி இருந்தாள். கல்யாணமான மறுவருஷமே புருஷன் உங்காட் எல்லை தாண்டி, பக்கத்து நாட்டுச் சரவாக்கில் மரம் அறுக்கும் ஆலைக்கு வேலைக்குப் போனான். "தெங்காவாங் பூத்தா சொல்லு, காய் பொறுக்க வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படகேறினான்.

தெங்காவாங் தனக்குத் தோன்றும்போது பூக்கும் மரம். நாலு வருஷம் சும்மா நிற்கும், சில சமயம் ஏழு. உங்காட்டின் தாத்தா ஆற்றோரம் நட்ட மரங்கள் காட்டோடு காடாகி, ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாதபடி பருத்துவிட்டன. துவைக்கப் போகும்போதெல்லாம் சுனா கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பாள்.

முதல் தடவை பூத்தபோது உங்காட் வந்தான். காயைப் பிழிந்து புதிதாக எடுத்த கொழுப்பைச் சுடுசோற்றில் போட்டு அது உருகுமுன் வழித்துத் தின்றான். காய் தீர்ந்ததும் கிளம்பினான். இரண்டாம் தடவையும் அப்படியே.

மூன்றாம் தடவை ஆறு முழுக்கப் பூ மிதந்தது. அந்த வாரம் அவனே போன் செய்தான். சிக்னல் கிடைக்கும் மேட்டில் சுனாவோடு நாத்தனார் லிமாவும் நின்றிருந்தாள்.

"பூத்துடுச்சா?" என்றான்.

"இல்ல."

பின்னால் ஆலை ரம்பம் இரைய, அவன் குரலை உயர்த்தினான்.

"அப்ப அடுத்த தடவ பாக்கலாம்."

அவன் போனை வைத்ததும் லிமா கேட்டாள். "ஏன் அண்ணி பொய் சொன்ன? உன் தலையிலயே பூ விழுந்து கெடக்கு."

"பூக்கலன்னாலும் வரேன்னு சொல்றாரான்னு பாத்தேன்."

"எங்கண்ணனா? அதுக்குக் காட்டுப்பன்னி தேவலாம். காய் இல்லாதப்பவும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போகும்."

சுனா சிரித்தாள். சிரித்தவள் மேட்டிலிருந்து இறங்கும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தாள்.

மழையோடு காய் கொட்டியது. இறகு முளைத்த காய்கள் சுழன்று சுழன்று விழுந்தன. சுனாவும் லிமாவும் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவற்றைக் கூடையால் அரித்தார்கள். காயவைத்து, இடித்து, பிழிந்து, கொழுப்பை மூங்கில் குழாய்களில் ஊற்றினார்கள். பங்கு பிரிக்கையில் உங்காட்டின் அண்ணன் கேட்டார்: "தம்பி பங்கு?"

"அவருக்கு இந்த வருஷம் பூக்கல" என்றாள் சுனா.

அதன்பின் அவள் மரத்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். ஆனாலும் படகுத்துறையில் மோட்டார் சத்தம் தணிந்தால், கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து போவாள். யாராவது உப்பு மூட்டை இறக்கிக்கொண்டிருப்பார்கள்.