முட்டைத் தட்டும் இரண்டு ஆந்தைகளும்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எதற்கெடுத்தாலும் பயம். மொன்ட்ரியாலில் பொருள் ஏற்றும் வான் வண்டி ஓட்டிப் பிழைக்கிறேன்.

ஒருமுறை அருங்காட்சியகத்திலிருந்து, பாடம் செய்த இரண்டு குட்டி ஆந்தைகளைப் புவாண்ட்-கிளேர் புறநகரில் உள்ள களஞ்சியத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கென்யக் காட்டில் அருகிவரும் இனம். பலமாகக் குலுங்கினால் கழுத்து முறிந்துவிடுமாம். முறிந்தால் வேறொன்றைப் பிடித்து வைக்கவும் முடியாது. எங்கள் வீதிகளிலோ குழிக்குக் குறைவில்லை.

முதல்நாளே ஒரு தட்டு முட்டையை வான் வண்டியில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் பாதி உடைந்தன. மீதியோடு ஏரிக்கரை வீதியால் திரும்பினேன், ஒன்றும் உடையவில்லை.

“முட்டைக்கு ஊர் சுத்திக் காட்டுறியளோ?” என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் ஆந்தைகளோடு ஏரிக்கரையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது முதலாளி தொலைபேசியில் கத்தினார்.

“அண்ணை, ஹைவேயால போங்கோ! நடந்து போறவனே உங்களை முந்துவான்!”

முதன்முறையாக அவரை மறுத்தேன். “ஏலாது தம்பி. பிந்தினாலும் முழுசாக் கொண்டுபோறன்.”

களஞ்சியத்தில், இவற்றைப் பார்க்கவே கென்யாவிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சியாளர் பெட்டியைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஓர் இறகுகூட விலகவில்லை! அவர் கண்கலங்கி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைய பயணத்தின் ஒரே குலுக்கல் அதுதான்.

இப்போது யாராவது என்னைப் பயந்தாங்கொள்ளி என்றால், “ஓம், அப்படித்தான்” என்று பெருமையாகவே சொல்கிறேன்.