இடது சீட்டில் வந்த நாற்றம்

சென்னையில் காரின் ஹீட்டரைப் போடுகிறவன் கிடையாது. அதைத் திருப்பும் குமிழில் குளிருக்கான நீலப் பக்கம் தேய்ந்திருக்கும், சிவப்புப் பக்கம் வாங்கியபோது இருந்தபடியே இருக்கும். போன மழைக்காலத்தில் முன் கண்ணாடியில் ஆவி படிந்து சாலையே தெரியாமல் போகவே, நான் சிவப்புக்குத் திருப்பினேன். கண்ணாடி தெளிந்தது. கூடவே ஒரு நாற்றம் வந்தது. வெல்லப்பாகை அடிபிடிக்க விட்டது போன்ற தித்திப்பு நாற்றம்.

என் மனைவிக்கு வீசிங் உண்டு. திருநின்றவூரிலிருந்து அம்பத்தூர் வரை தினமும் இடது சீட்டில் வருவாள். அந்த வாரம் ஆவடி வருவதற்குள் இரண்டு முறை இன்ஹேலரை எடுத்தாள்.

"வண்டியில ஏதோ இருக்குங்க."

"உன் நெஞ்சுலதான் இருக்கு" என்றேன். சொன்ன வாய் என்னுடையதுதான்.

பட்டாபிராமில் ஒரு மெக்கானிக். பெரிய கைராசிக்காரன் என்று பெயர். பானெட்டைத் திறந்து ஒரு முறை மோந்து பார்த்தான்.

"எலி செத்துக்கீது சார். மழைக்கு உள்ள பூந்துருக்கும்."

தேடினான். எலி இல்லை. இல்லாத எலிக்காகச் சீட்டுக்கு அடியில் பாச்சை உருண்டைகளைப் போட்டு, எலுமிச்சை சென்ட் ஒன்றைத் தொங்கவிட்டான். மூச்சுத் திணறுகிறவள் உட்காரும் இடத்தில். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்திருந்தது. குழாய்த் தண்ணீரை ஊற்றினான். ஏன் குறைகிறது என்று கேட்டேன்.

"வெயில்ல சுண்டிடும் சார்."

வெளியே மூன்று நாளாக மழை. நான் தலையாட்டினேன். அவன் முட்டாள் என்றால் நான் அவனுக்குக் கூலி கொடுத்த முட்டாள்.

மாடியில் குடியிருக்கும் கம்ப்யூட்டர்காரர் போனில் தேடி, ஏசி ஃபில்டரை மாற்றச் சொன்னார். பானெட்டைத் திறக்கத் தெரியாதவர். அதையும் மாற்றினேன். நாற்றம் போகவில்லை.

அடுத்த வாரம் ஆவடிக்கு முன்பே, இந்துக் கல்லூரி பக்கத்திலேயே அவளால் பேச முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டினேன். அவள் நடைபாதையில் உட்கார்ந்து மூச்சை இழுத்தாள். டாக்டர் மருந்தைக் கூட்டிவிட்டு, புகை, நெடி ஏதாவது படுகிறதா என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இடது சீட்டின் கால்மிதியைத் தூக்கினாள். அடியில் இருந்த விரிப்பு ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. விரலால் தொட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இதுவும் என் நெஞ்சா?"

மறுநாள் காலை பட்டாபிராம் ஷெட்டில் மெக்கானிக்கை இடது சீட்டிலும் என்னைப் பின்னாலும் உட்காரவைத்தாள். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டு வெளியே அவன் பக்கக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"அஞ்சு நிமிஷம். எலி எங்கன்னு மோந்து சொல்லு."

இரண்டாவது நிமிடமே அவன் கண்ணாடியைத் தட்டினான்.

"யக்கா, தொறக்கா! தொண்ட கமறுது!"

திறந்துவிட்டாள். முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் போல ஒரு படலம். அதை விரலால் வழித்துப் பார்த்தபின்தான் அவனுக்குப் புத்தி வந்தது. ரேடியேட்டரின் சுடுதண்ணீர் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் பெட்டிக்கும் போய்த் திரும்பும். அந்தப் பெட்டி ஓட்டை. அதில் ஒழுகிய கூலன்ட்தான், ரேடியேட்டர் தண்ணீரில் கலந்திருக்கும் ரசாயனம்தான், நாறியது. அதைத்தான் அவள் தினமும் சுவாசித்திருக்கிறாள்.

அவமானம் என்பதே அவனுக்கு இல்லை. என் பக்கம் திரும்பினான்.

"பைப்ப அறுத்து ஜாயின்ட் குடுத்துட்டா மேட்டர் ஓவர் சார். நம்ம ஊருக்கு ஹீட்டர் இன்னாத்துக்கு?"

ஹீட்டருக்குத் தண்ணீரே போகாமல் செய்துவிடுவது; இந்தப் பக்கத்து ஷெட்டுகளில் இதுதான் வைத்தியம்.

"அவங்களக் கேளு" என்றேன்.

"புதுசு போடு" என்றாள். "மழையில கண்ணாடி தெரியாம இவர் எங்க கொண்டுபோய் இடிப்பாரோ. அந்த உருண்டையெல்லாம் பொறுக்கி உன் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போ."

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். அம்பத்தூர் வரை அவள் ஒரு முறைகூட இருமவில்லை.

"தப்பு என் மேலதான்" என்றேன்.

"தெரியும்" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.